சோஃபர் என்றால் நெருப்புப் போடுபவர்

லண்டன் லூயிஷாமில் நூலகத்தின் மேல்மாடியில், செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு எங்களுக்கு ஆங்கில வகுப்பு. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்த காலம். பன்னிரண்டு பேர் படித்தோம். அதில் தமிழர் இரண்டே பேர், நானும் என் சம்பந்தியும். சம்பந்தி என்றால் என் மருமகளின் தாய். இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி இருந்தார். ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே மேசையில் இருப்போம். நான் அழிறப்பர் கொண்டு போனால் அவர் அதைவிடப் பெரிய அழிறப்பர் கொண்டு வருவார்.

ஊரில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதையும் அப்படித்தான், ஒரு நாளைக்கு அரைப் பக்கமாக எழுதுகிறேன். ஆனால் காதில் ஒரு தரம் விழுந்தது என்னை விட்டுப் போகாது. அந்தத் துணிவில்தான் வகுப்பில் சேர்ந்தேன். சேர்ந்து இரண்டு வருடமாகியும் முதல் வகுப்பிலேயே இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தவணை முடிய மூன்று கிழமை இருக்கும்போது டீச்சர் ஒரு வேலை தந்தார். ஆளுக்கொரு ஆங்கிலச் சொல்லை எடுக்க வேண்டும். அந்தச் சொல் எங்கே பிறந்தது, எந்த நாட்டிலிருந்து வந்து ஆங்கிலத்துக்குள் குடியேறியது, அதற்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேசியவர் அடுத்த வகுப்புக்குப் போகலாம்.

டீச்சர் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்தில் சம்பந்தியின் கை மேலே போய்விட்டது.

"மாங்கோ, டீச்சர்! மாங்கோ எங்கட மாங்காய்!"

டீச்சர் கைதட்டாத குறைதான். நான் மனதில் எடுத்து வைத்திருந்ததும் அதே மாங்காய்தான். பஸ்ஸில் வரும்போது, "நீங்கள் என்ன எடுக்கப் போறியள், மச்சாள்?" என்று கேட்டார். பையிலிருந்து எனக்கு ஒரு இனிப்பும் தந்தார்.

"யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்றேன்.

"சுகமான சொல்லா எடுங்கோ. உங்களுக்கு நாக்குப் பிரளாது."

அதற்குப் பிறகு சுகமான சொல் எடுப்பேனா?

சொல் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் மகன் அந்த வருடம்தான் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டுகிறதை விட்டு ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். பெரிய ஆட்களை விமான நிலையத்துக்கும் கூட்டங்களுக்கும் கொண்டுபோய் விடுகிற வேலை. கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, கண்ணாடி மாதிரி மினுங்குகிற கார். முதல் நாள் அவன் உடுத்து வந்து நின்றபோது கலியாண மாப்பிள்ளையைவிட வடிவாக இருந்தான். தொலைபேசியில் என் தங்கைக்கு, "மகனுக்கு நல்ல றைவர் வேலை கிடைச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் வந்து காதுக்குள் சொன்னான்:

"அம்மா, றைவர் எண்டு சொல்லாதேங்கோ. சோஃபர்."

"அதென்னடா வித்தியாசம்?"

"சம்பளத்திலை இருக்கு. கோட்டிலையும் இருக்கு."

அந்தச் சொல்லையே எடுத்தேன். அடுத்த செவ்வாய் போய், "சோஃபர், டீச்சர்" என்றேன். சம்பந்தி திரும்பிப் பார்த்தார். அவருடைய மருமகனின் வேலையும் அதுதானே, குறை சொல்ல வழியில்லை.

டீச்சர் கீழே போய் ஒரு அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மிக்கல் அளவு கனம். பக்கங்களைத் தள்ளித் தள்ளி ஓரிடத்தில் விரலை வைத்து, "இது பிரெஞ்சுச் சொல்" என்றார்.

எங்கள் மேசையில் கொங்கோவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். உயரமானவள், உரக்கச் சிரிப்பவள். ஆங்கிலம் எங்களைப் போலத்தான், ஆனால் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. அவள் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். "எங்கள் ஊரில் பஸ் ஓட்டுகிறவன், லொறி ஓட்டுகிறவன் எல்லாரும் சோஃபர்தான்" என்றாள். கோட்டும் வேண்டாமாம், டையும் வேண்டாமாம். மகனுக்கு இதைச் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவள் எழுந்துபோய் ஜன்னலுக்குக் கீழே இருந்த சுடுநீர்க் குழாய்ப் பெட்டியில் தட்டினாள். எல்லா வீட்டிலும் சுவரோடு இருக்கிறதே, குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற பெட்டி, அது.

"இது ஷோஃபாஜ்" என்றாள். "ஷோஃபே என்றால் சூடாக்கு. தண்ணீரைச் சூடாக்கு, வீட்டைச் சூடாக்கு, சாப்பாட்டைச் சூடாக்கு. எல்லாம் ஷோஃபே."

"அப்ப சோஃபர்?" என்று கேட்டேன்.

"சூடாக்குகிறவன்."

கார் ஓட்டுகிறவனுக்கும் சூட்டுக்கும் என்ன உறவு என்று எனக்கு விளங்கவில்லை. டீச்சர் அகராதியைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, எங்களுக்கு விளங்குகிற ஆங்கிலத்தில் சொன்னார். கார் வர முன்னமே பிரெஞ்சில் அந்தச் சொல் இருந்ததாம். ரெயில் இஞ்சினில் நின்று கரி போட்டு நெருப்பு வளர்க்கிறவனுக்குத்தான் அந்தப் பெயராம். பிறகு கார் வந்தது. தொடக்கக் காலத்துக் கார்களில் சில நீராவியில் ஓடினவையாம். அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதித்து, ஆவி ஏறினால்தான் சக்கரம் சுற்றும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ரெயில்காரனுடைய பெயரையே வைத்தார்கள். பிறகு பெட்ரோல் வந்தது, நெருப்பு மறைந்தது, பெயர் நின்றுவிட்டது. இங்கிலாந்துப் பணக்காரர்கள் பிரான்ஸிலிருந்து காரை இறக்கியபோது பெயரையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள்.

"இன்னொரு பொருளும் இருக்கிறது" என்று டீச்சர் கண்ணாடியைச் சரி செய்தார். ஒரு காலத்தில் பிரான்ஸில் ஒரு கள்ளர் கூட்டம் இருந்ததாம். வீடு புகுந்து, காசு வைத்த இடத்தைக் கேட்டு, சொல்லாதவனின் உள்ளங்காலை நெருப்பில் காட்டுவார்களாம். அவர்களுக்கும் சோஃபர் என்றுதான் பெயராம்.

"என்ரை மருமகனுக்கு இந்தப் பேரோ!" என்று சம்பந்தி தமிழில் கத்திவிட்டார்.

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெயில் இஞ்சினில் கரி போட்டு நெருப்பு வளர்க்கிறவன்! அவனோடு நான் இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்!

என் கணவர் ரெயில்வேயில் ஃபயர்மன். அநுராதபுரத்தில் இஞ்சின்கள் நிற்கிற ஷெட்டில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்குப் போகிற வண்டியிலும் மாகோவுக்குப் போகிற வண்டியிலும் கரி போட்டவர். எழுந்து நின்று இதைக் கத்த வேண்டும் போல இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் சம்பந்தி இருந்தார். வாயை மூடினேன்.

ஏனென்றால் சம்பந்திக்கு நான் வேறு கதை சொல்லி வைத்திருந்தேன்.

மகனுக்குக் கலியாணம் பேசுகிறபோது என் கணவர் இறந்து பல வருடம். பெண் வீட்டார் தொலைபேசியில், "பெடியன்ரை தேப்பன் என்ன உத்தியோகம்?" என்று கேட்டார்கள். எங்கள் ஆட்களிடையே அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மிச்சக் கேள்வி எல்லாம். ரெயில்வே என்றேன். "ரெயில்வேயிலை என்ன?" என்றார்கள். "ஸ்டேஷன் மாஸ்டர்" என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்தவும் இல்லை. மகன் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் நின்றான். அவனும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து எட்டு வருடமாக என் கணவர் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு பச்சைக் கொடி காட்டுகிறார்.

அன்று பின்னேரம் மகன் வேலை முடிந்து வந்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே ஓடினேன்.

"டேய், சோஃபர் எண்டால் என்ன தெரியுமோ?"

"என்னணை?"

"இஞ்சினுக்கு நெருப்புப் போடுறவன்! பிரெஞ்சிலை. டீச்சர் புத்தகத்தைப் பாத்துச் சொன்னவ. உன்ரை அப்பாதானடா முதல் சோஃபர்!"

துடைக்கிற துணி அவன் கையில் அப்படியே நின்றது. "மெய்யே?" என்றான். காரைப் பார்த்தான். தன் கோட்டைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். "அப்பான்ரை வேலையைத்தான் நான் செய்யிறன் எண்டு சொல்லுறியளோ? கரி இல்லாமல்?"

"கரி இல்லாமல்!"

இரண்டு பேரும் றோட்டில் நின்று சிரித்தோம். எதிர்வீட்டு வெள்ளைக்காரி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

பிறகு அவன் முகம் மாறியது. "அம்மா, இதை வகுப்பிலை சொல்லப் போறியளோ?"

"சொல்லாமல் எப்பிடி?"

"மாமியும் அங்கை இருப்பா."

"இருப்பா."

"வேறை சொல்லு எடுங்கோவன். கஃபே எடுங்கோ. அதுவும் பிரெஞ்சுதான். கோப்பி குடிக்கிற கதை சொன்னால் ஐஞ்சு நிமிசம் ஓடிப்போம்."

"கோப்பியோடை எனக்கென்னடா உறவு?"

அவன் துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைத்தான். உள்ளே போகும்போது மட்டும், "உங்கடை விருப்பம். எனக்கு அப்பாவாலை வெக்கம் ஒண்டும் இல்லை" என்றான்.

அவனுக்கு வெட்கம் இல்லை. அப்படியென்றால் வெட்கப்பட்டது யார்? இருபத்தெட்டு வருடம் அந்த மனிதரின் உடுப்பைத் தோய்த்தேன். முதல் தண்ணீர் கறுப்பு, இரண்டாம் தண்ணீர் கறுப்பு, மூன்றாவதில்தான் நீலம் தெரியும். அவர் இருக்கும்போது நான் ஒரு நாளும் வெட்கப்படவில்லை. அவர் போன பிறகு, தொலைபேசியில், முகம் தெரியாத ஆட்களுக்காக வெட்கப்பட்டிருக்கிறேன்.

பேசுகிற நாள் வந்தது. சம்பந்தி பட்டுச் சீலை உடுத்து, ஒரு மாம்பழமும் கொண்டு வந்திருந்தார். நன்றாகத்தான் பேசினார். தமிழிலிருந்து போர்த்துக்கீசர் எடுத்துப்போனார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது என்று டீச்சர் எழுதிக் கொடுத்ததைப் பிழையில்லாமல் சொன்னார். கடைசியில் பழத்தை வெட்டி எல்லாருக்கும் கொடுத்தார். ஆளுக்கு ஒரு துண்டு. எனக்கு மட்டும் இரண்டு.

அடுத்தது நான். எழுந்தேன். கையில் ஒன்றும் இல்லை, வெளியே மழை என்றபடியால் கொண்டுபோன குடை மட்டும்.

மகனில் தொடங்கினேன். கோட்டு, டை, மினுங்குகிற கார். சூடாக்கு என்றால் ஷோஃபே. ஆவிக் கார், பெட்ரோல் கார். கால் சுடுகிற கள்ளரையும் விடவில்லை. என் ஆங்கிலத்துக்குக் காலும் இல்லை, கையும் இல்லை, ஆனாலும் நகர்ந்தது. மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அத்தோடு முடித்திருக்கலாம். டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தி பெருமையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மை ஹஸ்பண்ட்" என்றேன். நிறுத்தினேன். "மை ஹஸ்பண்ட், ஃபயர்மன்."

டீச்சர் முகம் மலர்ந்தது. நெருப்பை அணைக்கிற படையில் இருந்தவரா என்று கேட்டார். இந்த ஊரில் அப்படித்தான் எடுப்பார்கள். "நோ, டீச்சர்! அணைக்கிறவர் இல்லை, போடுகிறவர்! ரெயில்! கரி!" என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினேன். சம்பந்தியின் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன்.

சொல் போதவில்லை. குடையை மூடியபடி இரண்டு கையாலும் பிடித்தேன். இது கரி அள்ளுகிற சவள். கொங்கோக்காரிக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் பாய்ந்து வந்து, தன் எழுத்துக் கொப்பியை விரித்துப் பிடித்து, அடுப்புக் கதவாக நின்றாள். நான் குனிய அவள் திறப்பாள், நான் வீச அவள் மூடுவாள். "ஒரே இடத்தில் கொட்டக் கூடாது" என்று என் கணவர் சொல்லுவார். நடுவில் குவித்தால் நெருப்பு செத்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முதலில் பின்மூலை இரண்டும், பிறகு கதவின் கீழ், பிறகு ஓரம். அகப்பையை வைத்து அடுப்படியில் எனக்குக் காட்டியிருக்கிறார். அதை அப்படியே காட்டினேன். திற, வீசு, மூடு. திற, வீசு, மூடு. வகுப்பே தாளம் போட்டது.

கருவாட்டுக் கதையையும் சொன்னேன். நான் கட்டிக் கொடுக்கிற சோற்றோடு ஒரு துண்டு கருவாடு பச்சையாக வைப்பேன். இவர் சவளைக் கழுவி, கருவாட்டை அதில் வைத்து, நெருப்புக்குள் ஒரு நிமிடம் நீட்டி எடுப்பாராம். இஞ்சின் ஓட்டுகிற சிங்கள ஐயாவும் அதில் பாதி தின்பாராம். டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நான் மூச்சு வாங்க நின்று கடைசி வசனத்தைச் சொன்னேன். அதை மட்டும் மகனிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தேன்: என் மகன் சோஃபர், அவனுடைய தகப்பன் அவனுக்கு முந்திய சோஃபர்.

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. என் இடத்தில் வந்து இருந்தபோது பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. சம்பந்தி ஜன்னலடிக் கதிரைக்கு மாறியிருந்தார்.

பஸ்ஸில் அவர் முன்னால் இருந்தார், பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துவிட்டார். நான் பின்னால் இருந்தேன். அவருடைய தரிப்பு வந்தது. எழுந்தவர் நேரே இறங்கவில்லை, என்னிடம் வந்தார்.

"எட்டு வருசம், மச்சாள். கனடாவுக்குச் சொன்னன், ஜெர்மனிக்குச் சொன்னன். கோயிலிலை காணுற ஆளுக்கெல்லாம் சொன்னன், என்ரை மகளை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலை குடுத்தனான் எண்டு. இனி நான் எந்த முகத்தோடை போறது?"

"பிழை என்னிலைதான்" என்றேன்.

"பிழையாம்!" என்றார். "அவ்வளவு பேருக்கு முன்னாலை குடையைத் தூக்கிக்கொண்டு ஆடுறா, பிழையாம்!" இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் மதியச் சோறு போடுகிறது எங்கள் முறை. வருவாரோ மாட்டாரோ என்று இருந்தேன். வந்தார். நீளக் கரண்டியோடு சாம்பார் சட்டிக்குப் பின்னால் நின்றார். நான் சோற்றுச் சட்டி. வரிசை வந்தது. ஊரிலே கதிரேசன் கோயிலடியில் இருந்த ஒரு பெண், எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தவள், ஊர்க்கதை எல்லாம் சேர்த்து வைக்கிறவள், சம்பந்தியிடம் தட்டை நீட்டிக்கொண்டு கேட்டாள்:

"என்ன அக்கா, உங்கட சம்பந்தி ஸ்டேஷன் மாஸ்டர் இல்லையாமே?"

பஸ்ஸில் பேசியது எந்தத் தமிழ்க் காதில் விழுந்ததோ, கோயிலுக்கு வர மூன்று நாள்கூட எடுக்கவில்லை. சம்பந்தியின் கழுத்து நிமிர்ந்தது.

"ஆர் சொன்னது? அவர் சோஃபர். பிரெஞ்சுப் பட்டம். ஸ்டேஷன் மாஸ்டருக்கும் மேலை. அகராதியிலையே இருக்கு."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். எனக்குத் தந்த பாலம் அது என்று விளங்கியது. நான் பேசாமல் இருந்தால் போதும், என் கணவருக்கு இன்னொரு தொப்பி கிடைத்துவிடும், பிரெஞ்சுத் தொப்பி. சம்பந்தியின் முகமும் தப்பிவிடும். சோற்றை அள்ளிய கை அந்தரத்தில் நின்றது.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "பட்டம் ஒண்டும் இல்லை. இஞ்சினுக்குக் கரி போட்டவர். ஃபயர்மன். நான்தான் மச்சாளுக்குப் பொய் சொன்னனான். அவ உங்களுக்குச் சொன்னது என்ரை பொய்யை, அவவின்ரை பொய்யை இல்லை."

வரிசை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் யாரோ, "சாம்பார்!" என்றார்கள்.

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கரி போடுறதோ? அதென்ன பெரிய வேலை, அள்ளிக் கொட்டுறதுதானே?"

நான் வாய் திறக்க முன்னம் சம்பந்தி திறந்தார்.

"அள்ளிக் கொட்டுறதோ? உனக்கென்ன தெரியும்? கொட்டினால் நெருப்புச் செத்துப்போம்! இஞ்சை பார்." கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து, பட்டுச் சீலையோடு குனிந்து, சட்டிக்கு மேலாலே ஒரு வீச்சு வீசினார். சாம்பார் சொட்டு அந்தப் பெண்ணின் தட்டிலும் விழுந்தது, சீலையிலும் விழுந்தது. "இப்பிடி! இப்பிடித்தான் போடவேணும்!"

பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஏலவில்லை. சோற்றுக் கரண்டியோடு அவர் பக்கம் போய் நின்றேன்.

"அப்பிடியில்லை, மச்சாள். நடுவிலை போடுறியள். முதல் பின்மூலை. மெல்லிசாய்."

"இப்பிடியோ?"

"இன்னும் கொஞ்சம் குனியுங்கோ."

குனிந்தார்.